மலையகத்துக்குக் குடிவரும் இளம் குடும்பத்துக்கு: எந்தச் சரிவில் வீடு என்பதிலிருந்து தொடங்குங்கள்

தமிழ்நாட்டிலிருந்து வேலை கிடைத்தோ கல்யாணம் முடித்தோ, சின்னப் பிள்ளையோடு இலங்கையின் மலையகத்துக்குக் குடிவரும் குடும்பங்கள் முதலில் விசாரிப்பது வீசாவை. அப்புறம் வாடகை எவ்வளவு, பக்கத்தில் தமிழ் பேசுவார்களா, குளிரைப் பிள்ளை தாங்குமா என்று கேட்பார்கள். எல்லாம் கேட்கவேண்டியவைதான். ஆனால் வரிசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள். மலையில் ஒரு வளைவு தாண்டினால் மழை மாறும், பஸ் நேரம் மாறும், ஆஸ்பத்திரிக்கு உள்ள தூரமும் மாறும். இடம் சரியாக அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் அலைச்சலோடாவது முடிந்துவிடும். இடம் பிசகினால் வீசா இருந்தும் நிம்மதி இருக்காது.

முதலில் இடம்

மலையகம் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அதற்குள் பல காலநிலைகள் உண்டு. கண்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம். கோயம்புத்தூர்க்காரருக்கு அங்கே பெரிய வித்தியாசம் தெரியாது. பதுளை 700 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஹட்டனும் பண்டாரவளையும் 1,200 மீட்டருக்கு மேலே. நுவரெலியா 1,868 மீட்டர். ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் அங்கே புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்.

உயரத்தைவிட முக்கியம், மலையின் எந்தப் பக்கம் என்பது. மேற்குச் சரிவில் உள்ள கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா பகுதிகளுக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வட்டவளைப் பக்கம் நாட்டிலேயே அதிக மழை விழும் இடங்களில் ஒன்று. ஜூனில் துணி காயாது, சுவர் வியர்க்கும். அதே மாதங்களில் மலையின் மறுபக்கம், அதாவது பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளை உள்ள ஊவாப் பக்கம், காய்ந்த காற்று வீசிக்கொண்டிருக்கும். ஊவாவுக்கு மழை வருவது நவம்பர் தொடங்கி ஜனவரி வரை, வடகீழ்ப் பருவக்காற்றோடு.

கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு, வேலை இடம் விட்டுக்கொடுக்குமானால், முதல் ஆண்டு பண்டாரவளை அல்லது கண்டி நல்லது என்பேன். ஹட்டன் வேலையென்றால் ஹட்டனில்தான் இருக்கவேண்டும், அதில் தவறில்லை. நகரம் முழுக்கத் தமிழ் கேட்கும், கடைக்காரரிலிருந்து மருந்துக்கடைப் பிள்ளைவரை தமிழில் பேசலாம், டிக்கோயா ஆதார வைத்தியசாலையும் கிட்டத்தில் இருக்கிறது. நுவரெலியா அழகான ஊர்தான். ஆனால் ஏப்ரலில் அங்கே உல்லாசப் பயணிகள் குவியும்போது வாடகை ஏறும், வாகன நெரிசலில் நகரமுடியாது, மரக்கறி விளையும் ஊரிலேயே மரக்கறி விலையும் கூடும். அங்கே வீடு எடுப்பதானால் ஏப்ரல் நெரிசல் ஓய்ந்தபிறகு தேடுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது

மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். வெயில் நாளில் எல்லா வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும்.

வீட்டுக்குள் நுழைவதற்கு முன் பின்பக்கம் போங்கள். வீடு கட்ட மலையை வெட்டியிருக்கிறார்களா? வெட்டிய மண் செங்குத்தாக, தாங்குசுவர் இல்லாமல் நிற்கிறதா? தாங்குசுவர் இருந்தால், தண்ணீர் வடிய அதில் ஓட்டைகள் விட்டிருக்கிறார்களா? ஓட்டையில்லாத சுவர் தண்ணீரைத் தேக்கி ஒருநாள் மொத்தமாகச் சாயும். மேலே உள்ள மரங்கள் ஒரே பக்கம் சரிந்து நிற்கின்றனவா, தரையிலோ சுவரிலோ புதிய வெடிப்பு ஓடியிருக்கிறதா, கதவும் ஜன்னலும் சட்டத்தில் இறுகி மூட மறுக்கின்றனவா, முன்பு இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்பியிருக்கிறதா, வழக்கமாகத் தெளிவாக வரும் தண்ணீர் சேறாக வருகிறதா என்று பாருங்கள். இவையெல்லாம் நிலம் நகர்வதற்கான அடையாளங்கள். இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் அந்த வீட்டை விட்டுவிடுங்கள், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை அப்படியே மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் கொட்டிய மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனையோ சரிவுகள். வெள்ளத்தோடும் சேர்த்து நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த மண்ணைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்களே அதில் போனார்கள். புதிதாக வருகிறவருக்கு மண் பேசுவது கேட்காது. ஆகவே அக்கம்பக்கத்தில் வயதானவர்களிடம் நேரடியாகக் கேளுங்கள்: "இந்தப் பக்கம் எப்போதாவது மண் சரிந்திருக்கிறதா ஐயா?" மறைக்காமல் சொல்வார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரித்து வைத்திருக்கிறது. அந்த இடம் எந்த வகையில் வருகிறது என்று உள்ளூர் அரச நிர்வாக அலுவலகமான பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.

வீட்டுக்குள் பார்க்கவேண்டியவை வேறு. காலை வெயில் எந்த அறையில் விழுகிறதோ அதுதான் பிள்ளை தூங்கவேண்டிய அறை. சுவர் மூலைகளில் கறுப்பாகப் பூஞ்சணம் படிந்திருந்தால் புதுப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்ற வார்த்தையை நம்பவேண்டாம். மூன்று மாதத்தில் திரும்ப வரும், பிள்ளைக்கு இருமலும் கூடவே வரும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பல வீடுகளுக்கு மலை ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் எடுத்திருப்பார்கள். குளிர்ந்து தெளிந்து வரும், ஆனால் மேலே லயங்களும் மலசலகூடக் குழிகளும் மரக்கறித் தோட்டத்து மருந்தும் இருக்கும். குடிக்கும் தண்ணீரை எப்போதும் கொதிக்கவைத்து ஆறவையுங்கள். பழைய வீடுகளில் மின் இணைப்புப் பொருத்திகள் (பிளக் பாயின்ட்) வட்ட முள்ளுக்கானவை, புதிய வீடுகளில் சதுர முள்ளுக்கானவை. இரண்டுக்கும் பொருந்தும் அடாப்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் பெரிதாகக் கேட்பார்கள். ஆறு மாத வாடகை, சிலர் ஒரு வருட வாடகையை மொத்தமாகவே கேட்பார்கள். பேசிக் குறைக்கலாம். ஆனால் ஒப்பந்தத்தை நொத்தாரிசு (நோட்டரி) முன்னிலையில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு எழுதிய பத்திரமாக இருந்தால்தான் இங்கே சட்டத்தில் நிற்கும். வெறும் தாளில் கையெழுத்துப் போட்டுக் காசு கொடுத்துவிட்டு, பிறகு முறையிட இடம் இல்லாமல் நிற்கவேண்டாம். வங்கிக்கும் வீசாவுக்கும் ஊர் அரச அலுவலரான கிராம சேவகருக்கும் அந்த ஒப்பந்தமே உங்கள் முகவரிச் சான்று.

காகிதங்கள்

சுற்றுலா அனுமதியில் வந்து வேலை செய்ய முடியாது. வேலை கொடுப்பவர் முன்கூட்டியே விண்ணப்பித்து நுழைவு வீசா எடுக்கவேண்டும். நீங்கள் வந்து இறங்கிய முதல் மாதத்துக்குள் அதை வதிவிட வீசாவாக மாற்றவேண்டும். வீசாவைக் கொடுப்பது குடிவரவு குடியகல்வுத் திணைக்களம்; அதன் தலைமைக் காரியாலயம் கொழும்புக்குப் பக்கத்தில் பத்தரமுல்லையில், சுஹுருபாய கட்டடத்தில். வதிவிட வீசாவுக்கு உடல்நலப் பரிசோதனையும் கேட்பார்கள். காசநோய், மலேரியா போன்றவற்றுக்கான சோதனை அது, கொழும்பில் செய்யவேண்டும். ஆகவே வந்த உடனே பொருட்களோடு மலையேறிவிடாமல், கொழும்பு வேலைகளை முடித்துக்கொண்டு ஏறுவதே அலைச்சலைக் குறைக்கும். குழந்தையோடு மலையிலிருந்து கொழும்புக்கு இறங்கி ஏறுவது ஒரு முழு நாள் வேலை.

சார்ந்தோர் வீசாவில் வரும் மனைவியோ கணவனோ சம்பள வேலை பார்க்க முடியாது. இதைப் பலர் வந்த பிறகுதான் அறிகிறார்கள். இரண்டு பேர் சம்பளத்தை நம்பித் திட்டம் போட்டிருந்தால், புறப்படுவதற்கு முன்பே இரண்டு பேருக்கும் தனித்தனி ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். இலங்கையரைக் கல்யாணம் செய்தவர்களுக்கு வாழ்க்கைத்துணை வீசா தனியாக உண்டு.

ஊரிலிருந்து கொண்டுவரவேண்டியவை: கல்யாணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ்கள், பொலிஸ் நற்சான்று. இவற்றில் தேவையானவற்றுக்கு இந்திய வெளியுறவு அமைச்சின் சான்றொப்பம் வாங்கிவிடுங்கள். சான்றிதழ் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பிள்ளையின் தடுப்பூசி அட்டை. அதை மறந்து வந்தால் என்ன போட்டது, என்ன போடவில்லை என்று இங்கே யாராலும் சொல்லமுடியாது.

கண்டியில் இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம், அதாவது இந்தியத் தூதரகத்தின் கிளை, இருக்கிறது. கடவுச்சீட்டு வேலைகளுக்குக் கொழும்புவரை போகத் தேவையில்லை. இங்கே பிள்ளை பிறந்தால் இது இன்னும் முக்கியம்: வெளிநாட்டுப் பெற்றோருக்கு இலங்கையில் பிறந்ததாலேயே பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை வராது. இந்தியக் குடியுரிமைக்கு ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகப் பக்கம் பிறப்பைப் பதியவேண்டும். மாவட்டப் பதிவாளரிடம் பதிந்ததோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

வந்த முதல் நாட்களில்

முதல் ஆள் கிராம உத்தியோகத்தர். எல்லாரும் கிராம சேவகர் என்றுதான் சொல்வார்கள். எந்த நாட்களில் காரியாலயத்தில் இருப்பார் என்பது கதவிலேயே எழுதியிருக்கும். கடவுச்சீட்டுப் பிரதி, வீட்டு ஒப்பந்தப் பிரதி இரண்டையும் எடுத்துக்கொண்டு குடும்பமாகப் போய் அறிமுகமாகுங்கள். அனர்த்த (பேரிடர்) நேரத்தில் யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்ற கணக்கு அவரிடம்தான் இருக்கும். அந்தக் கணக்கில் உங்கள் பிள்ளையின் பெயரும் இருக்கவேண்டும்.

இரண்டாவது ஆள், குடும்பநல உத்தியோகத்தர். ஊரில் மிட்வைஃப் மிஸ் என்று சொல்வார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தாலோ, நீங்கள் கர்ப்பமாக இருந்தாலோ அவரிடம் பதியவேண்டும். வீட்டுக்கே வந்து பார்ப்பார், கிளினிக் திகதி சொல்வார், நிறை பார்த்துப் பதிவேட்டில் வரைந்து காட்டுவார். இதெல்லாம் இலவசம். என்னைக் கேட்டால் இந்த நாட்டில் மிகச் சிறப்பாக நடக்கும் காரியங்களில் ஒன்று இது. காசு கொடுத்துப் பார்க்கும் டொக்டர்தான் நல்ல டொக்டர் என்ற எண்ணத்தோடு வருபவர்கள் முதல் கிளினிக்கிலேயே அதை மாற்றிக்கொள்வார்கள்.

சிம் அட்டையை அவசரப்பட்டு வாங்கவேண்டாம். டயலொக்கா மொபிட்டலா ஹட்ச்சா என்பது உங்கள் பள்ளத்தாக்கைப் பொறுத்தது. பக்கத்து வீட்டில் எது எடுக்கிறது என்று கேட்டுவிட்டு, கடவுச்சீட்டோடு போய் வாங்குங்கள். சமையல் வாயு 12.5 கிலோ சிலிண்டரில் வரும். வெற்றுச் சிலிண்டரைக் கொடுத்து நிரம்பியதை வாங்குவது கடையிலேயே நடக்கும். வங்கிக் கணக்குக்கு வதிவிட வீசா கேட்பார்கள். அதுவரை ஊரிலிருந்து வரும் பணத்துக்கு ஒரு வழி யோசித்து வையுங்கள். இந்திய ரூபாய் ஒன்றுக்கு இலங்கை ரூபாய் மூன்றுக்கு மேல் வரும். கடையில் ஒவ்வொரு விலையையும் மனதுக்குள் இந்திய ரூபாய்க்கு மாற்றிப் பார்க்கும் பழக்கத்தைச் சீக்கிரம் விடுங்கள். உங்கள் சம்பளம் இலங்கை ரூபாயில் என்றால் செலவையும் அதிலேயே எண்ணிப் பழகவேண்டும்.

பிள்ளையின் தடுப்பூசியும் பாடசாலையும்

தடுப்பூசி அட்டவணை இரண்டு நாட்டிலும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் 6, 10, 14ஆவது வாரங்களில் போடும் ஐங்கூட்டுத் தடுப்பூசி இங்கே 2, 4, 6ஆவது மாதங்களில். இங்கே 9 மாதத்திலும் 3 வயதிலும் சின்னமுத்து (தட்டம்மை), கூவைக்கட்டு (பொன்னுக்குவீங்கி), ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்த ஊசி. ஒரு வயதில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி. பாதியில் வரும் பிள்ளைக்கு எதைத் தொடர்வது, எதை விடுவது என்று நீங்களாகத் தீர்மானிக்காமல் அட்டையை எடுத்துக்கொண்டு சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்துக்குப் போங்கள். மிட்வைஃப் மிஸ்ஸே வழி சொல்லி அனுப்புவார்.

பாடசாலை ஆண்டு இங்கே ஜனவரியில் தொடங்குவது வழக்கம். ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியான பிள்ளை தரம் 1க்கு, அதாவது முதல் வகுப்புக்கு, போகும். தமிழ்நாட்டுக் கணக்கில் ஏப்ரலில் வகுப்பு முடித்து வருகிற பிள்ளை இங்கே நடுவாண்டில் வந்து விழும். முடிந்தால் டிசெம்பரில் குடிவாருங்கள். அரச பாடசாலையில் வெளிநாட்டுப் பிள்ளையைச் சேர்ப்பதற்கு அதிபரிடம் நேரே போவதைவிட முதலில் வலயக் கல்விக் காரியாலயத்தில் கேட்பது நல்லது. எந்தப் பத்திரங்கள் வேண்டும் என்பதை அங்கேதான் திட்டமாகச் சொல்வார்கள்.

தமிழ்மொழிப் பாடசாலைகளில் பேர் பெற்றவை உண்டு: ஹட்டனில் ஹைலண்ட்ஸ் கல்லூரியும் புனித கபிரியேல் பெண்கள் பாடசாலையும், தலவாக்கலையில் தமிழ் மகா வித்தியாலயம், நுவரெலியாவில் ஹோலி டிரினிட்டி, பதுளையில் சரஸ்வதி. ஆனால் சின்ன வகுப்புக்குப் பேரைப் பார்த்து அலையவேண்டாம். வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய பாடசாலைதான் தரம் 1க்கு நல்ல பாடசாலை. மழைக்காலத்தில் வேனில் ஒரு மணிநேரம் போய்வரும் ஆறு வயதுப் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் தூங்கிவிடும்.

தமிழ்மொழிப் பாடசாலையிலும் சிங்களத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பார்கள். பிள்ளை கொண்டுவரும் சிங்களப் புத்தகத்தை நீங்களும் கூடவே உட்கார்ந்து படியுங்கள். ஹட்டனில் தமிழ் மட்டும் போதும் என்றாலும் கண்டியிலும் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் நாலு வார்த்தை சிங்களம் காரியத்தை எளிதாக்கும். பஸ்ஸில் இறங்க "பஹினவா", விலை கேட்க "கீயத" என்று தொடங்கினால் போதும். அரச படிவங்கள் தமிழில் இருக்கவேண்டும், தமிழில் எழுதிக் கொடுக்கும் உரிமையும் இருக்கிறது. தமிழ்ப் படிவம் இல்லை என்றால் பொறுமையாக ஒருமுறை திரும்பக் கேளுங்கள், பெரும்பாலும் உள்ளே இருந்து எடுத்துத் தருவார்கள்.

குளிரும் குசினியும்

சோறும் பருப்பும் வேக நேரம் எடுக்கிறதே, வாங்கிய அரிசி சரியில்லையோ என்று தோன்றும். அரிசியில் குறையில்லை. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிறது; அதற்கு மேல் சூடேறாது. பிரஷர் குக்கர் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. தோசைமா புளிக்காது. மாவை நடுச்சாமத்துக்கு முன்பே ஆட்டி, அடுப்புக்குப் பக்கத்திலோ, சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கியோ, கம்பளியால் சுற்றியோ வையுங்கள். அப்படியும் ஜனவரியில் ஒரு இரவு போதாது.

துவரம்பருப்பு கிடைக்கும், விலை கூட. இங்கே பருப்பு என்றால் சிவப்பு மைசூர்ப் பருப்புத்தான். தேங்காய்ப்பால் விட்டு வைத்தால் நன்றாக இருக்கும். லீக்ஸ், கரட், கோவா (முட்டைக்கோஸ்), பீட்ரூட், நோக்கோல் (நூக்கல்) எல்லாம் மலையிலேயே விளைவதால் புதிதாகக் கிடைக்கும். பாக்கெட் பால் வாசலுக்கு வரும் என்று எதிர்பார்க்கவேண்டாம், பெரும்பாலான வீடுகளில் பால்மாதான் (பால் பவுடர்). மாடு வளர்க்கும் வீடு எது என்று விசாரித்து வைத்தால் பிள்ளைக்குப் பசும்பால் கிடைக்கும்.

குளிருக்குப் பயந்து இரவில் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து ஜன்னலையும் கதவையும் பூட்டிவிட்டுத் தூங்குவது உயிருக்கு ஆபத்து. கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு (கார்பன் மோனாக்சைடு) வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை; தூக்கத்திலேயே முடித்துவிடும். பிள்ளைக்கு ஒரே தடித்த உடுப்புக்குப் பதிலாக மெல்லிய உடுப்புகளை இரண்டு மூன்றாகப் போடுங்கள், தலைக்குக் குல்லா, காலுக்கு மேசு (காலுறை). பகலில் வெயில் ஏறும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம். மழைக்காலத்தில் புல் வழியாக நடந்தால் அட்டை ஏறும். பிய்த்து இழுக்காமல் உப்போ சவர்க்காரமோ தேய்த்தால் தானே விழும்.

மழைக்காலத்துக்கு ஆயத்தம்

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மூன்று நிறங்களில் வரும். மஞ்சள் என்றால் விழிப்போடு இருங்கள். செம்மஞ்சள் என்றால் பையைக் கட்டி வெளியேற ஆயத்தமாக இருங்கள். சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள், விடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம். எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவுவாரியாக வரும். உங்கள் பிரிவின் பெயரை மனப்பாடமாக வைத்திருங்கள். செய்தியில் மாவட்டப் பெயரை மட்டும் கேட்டுவிட்டு, நமக்கில்லை என்று இருந்துவிடக்கூடாது.

வீட்டில் நீங்களே மழையை அளக்கலாம். நேரான பக்கங்கள் கொண்ட, அடி தட்டையான ஒரு பாத்திரத்தைத் திறந்த வெளியில் வையுங்கள். அளவுகோலால் அளந்தால் அதில் நிற்கும் உயரம்தான் பெய்த மழை. 24 மணிநேரத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் கவனம். 100ஐத் தாண்டினால் பை ஆயத்தம். 150ஐத் தாண்டினாலோ ஒரே மணிநேரத்தில் 75 பெய்தாலோ, அறிவிப்பு வராவிட்டாலும் சரிவுக்குக் கீழே இருக்காதீர்கள். எங்கே போவது என்பதை முன்பே பேசி வையுங்கள்: கோயிலா, பாடசாலையா, யார் வீடா, எந்தப் பாதையால். இரவில் மின்சாரம் இல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய பாதையாக அது இருக்கவேண்டும். பகலில் ஒருமுறை குடும்பமாக நடந்து பாருங்கள்.

பையில் கடவுச்சீட்டுகள், தடுப்பூசி அட்டை, வீட்டு ஒப்பந்தம், மருந்து, டோர்ச், பிள்ளைக்கு ஒரு மாற்றுடுப்பு, கொஞ்சம் காசு. காகிதங்களை இறுக்கிக் கட்டிய பொலித்தீன் உறைக்குள் வையுங்கள்.

கைபேசியில் பதிந்து வைக்கவேண்டிய எண்கள்: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, சுவசெரிய அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, மின்தடைக்கு 1987. சுவசெரியவுக்குக் காசு கிடையாது.

பஸ்ஸும் ரயிலும்

பிரதான நகரங்களுக்கு இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் அடிக்கடி உண்டு. தோட்டத்துக்குள் போகும் பாதையில் கடைசி பஸ் சாயங்காலத்தோடு நின்றுவிடும். கடைகளும் ஏழு, எட்டு மணிக்குள் மூடிவிடும். ஆகவே நம்பகமான ஒரு ஆட்டோ அண்ணனின் எண் வீட்டில் இருக்கவேண்டும். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அவர்தான் வருவார். நுவரெலியாவுக்கு ரயிலில் போவதென்றால் நானுஓயாவில் இறங்கவேண்டும், அங்கிருந்து நகரம் சுமார் 8 கிலோமீட்டர். டிட்வாவில் மலைநாட்டு ரயில் பாதை மோசமாகச் சேதமானது. பயணத்துக்கு முன் எந்தப் பகுதி ஓடுகிறது என்று நிலையத்தில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். டிசெம்பர் பௌர்ணமி தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். வார இறுதிகளில் ஹட்டன், மஸ்கெலியாப் பாதையில் யாத்திரைக் கூட்டம் நிறைந்திருக்கும். இந்திய ஓட்டுநர் உரிமம் மட்டும் வைத்துக்கொண்டு இங்கே வண்டி ஓட்ட முடியாது, முறையான அனுமதி எடுக்கவேண்டும். எடுத்த பிறகும் பனிமூட்டத்தில் இரவுப் பயணத்தைத் தவிருங்கள்.

மனிதர்கள்

இங்குள்ள தமிழர்களின் பேச்சைக் கேட்டால் திருச்சி, சேலம் பக்கத்துப் பேச்சு மாதிரியே இருக்கும். மாரியம்மன், தீமிதி, காமன் கூத்து எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. அதை வைத்து, "நீங்களும் இந்தியாக்காரங்கதானே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இந்த மக்களின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்து 2023ஆம் ஆண்டோடு 200 வருடங்கள் ஆயின. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து, வழியில் இறந்தவர்களை விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். காட்டை வெட்டித் தோட்டமாக்கிய பிறகு, 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தால் லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அண்ணன் போக, தம்பி இங்கே நின்ற குடும்பங்கள் எத்தனையோ. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003இல்தான் குடியுரிமை கிடைத்தது. இந்த நாட்டவர் என்று சொல்லிக்கொள்ள இவ்வளவு போராடியவர்களிடம் அந்தச் சொல்லை எறிவது நோகும். மலையகத் தமிழர் என்பதுதான் அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்.

நீலகிரிக்கு, கோத்தகிரிப் பக்கம் போன சொந்தங்களைப் பற்றி அவர்களாகப் பேசும்போது உட்கார்ந்து கேளுங்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் அக்காமாரைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்கள் வேலையில் இருக்கிறார்கள், கொழுந்தின் நிறை அன்றைய சம்பளத்தோடு சம்பந்தப்பட்டது. லயத்துக்கு யாராவது கூப்பிட்டால் போங்கள், கொடுக்கிற தேத்தண்ணியைக் குடியுங்கள். வீடு சின்னது என்று முகத்தில் காட்டாதீர்கள். அந்த வீடும் நிலமும் தங்கள் பெயரில் வரவேண்டும் என்பதற்காக இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

சிங்கள அயலவர்களோடும் அப்படியே. ஏப்ரல் சித்திரைப் புத்தாண்டு இரண்டு சமூகத்துக்கும் பொது. பலகாரத் தட்டு வந்தால் வெறுந்தட்டைத் திருப்பி அனுப்பாமல் ஏதாவது வைத்து அனுப்புங்கள். அந்த நாட்களில் கடைகள் பல நாள் பூட்டியிருக்கும், அரிசியும் பால்மாவும் முன்பே வாங்கி வையுங்கள். பௌர்ணமி போயா நாட்களில் இறைச்சிக் கடையும் மதுக்கடையும் திறக்காது.

தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வரி கேட்டு வந்தால், நாங்கள் வெளியூர் என்று சொல்லாமல் முடிந்ததைக் கொடுங்கள், பெயரை எழுதச் சொல்லுங்கள். திருவிழா நாளில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்ட ஆள் தேடுவார்கள். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். பாடசாலை, நல்ல ஆட்டோ, பசும்பால், நம்பகமான மருந்துக்கடை என்று இந்தக் கட்டுரையில் கேட்டு வைக்கச் சொன்னதில் பாதியை அங்கேயே கேட்டு முடித்துவிடலாம்.